கட்டிலுக்கு அடியில் இருந்த கோடாலி

கோடாலி வாங்கத் தெரிந்தவர்கள் நம் வயதில் இன்னும் சிலராவது மிச்சம் இருப்பீர்கள் என்ற தைரியத்தில் இதை எழுதுகிறேன். மூட்டுவலிக்கும் சர்க்கரை மாத்திரைக்கும் நடுவே நேரம் கிடைத்தால் படியுங்கள். எதிர்வீட்டுப் பையன் போன வாரம் ஒரு கைக்கோடாலியைக் கொண்டுவந்து காட்டினான். நண்பர்களோடு மலைக்குப் போய்க் கூடாரம் அடித்துத் தங்கப் போகிறானாம். போனில் படம் பார்த்து வாங்கியது. தோல் உறை, ரப்பர் பிடி, பளபளப்பு, எதற்கும் குறைவில்லை. "நல்லா இருக்குங்களா?" என்று கேட்டான். "அரம் வச்சுப் பாத்தியா?" என்றேன். விழித்தான். நல்லாத்தான் இருக்கு, பத்திரமாகப் போய்ட்டு வா என்று அனுப்பிவிட்டேன். மேற்கொண்டு சொல்லப் போனால் நிறையச் சொல்ல வேண்டியிருக்கும். அவனுக்கு அவ்வளவு நேரம் இருக்காது, எனக்கும் அன்றைக்கு மனசில்லை.

அப்பாவிடம் ஒரு கைக்கோடாலி இருந்தது. குன்றாண்டார்கோவில் பக்கம் எங்கள் ஊர். சமஸ்தானம் போய்ச் சர்க்கார் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. மழை பெய்தால் கடலை, பெய்யாவிட்டால் கோடாலி என்பதுதான் எங்கள் பிழைப்பு. அந்தக் கோடாலிக்காக அவர் புதுக்கோட்டையில் பஸ் பழுது பார்க்கிற கொட்டகை வாசலில் பல நாள் போய் நின்று, ஒடிந்த பட்டை ஒன்றைக் கேட்டு வாங்கினார். பஸ்ஸின் பாரத்தைத் தாங்குகிற அந்த வில்லுப்பட்டை இரும்புக்கு நிகர் எதுவும் இல்லை என்பது அவர் கட்சி. அதைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு பட்டறைகளில் ஏறி இறங்கி, கொல்லர் கையைப் பார்த்துப் பிடிக்காமல் திரும்பி, கடைசியில் அன்னவாசலில் ஒருவரிடம் கொடுத்து அடித்து வாங்கினார். பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட அவ்வளவு நொட்டை சொல்ல மாட்டார்கள்.

அடித்து முடித்ததும் அரத்தை எடுத்து வெட்டுவாயின் ஓரத்தில் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தாராம். காய்ச்சிய இரும்பைத் தண்ணீரில் முக்கி இறுக்குவதற்குத் தோய்ச்சல் என்று பெயர். அது சரியாக விழுந்திருந்தால் அரம் லேசாகக் கடித்து நகரும். தோய்ச்சல் குறைந்திருந்தால் அரம் தாராளமாக ஓடும். அப்படிப்பட்ட கோடாலி முதல் கணுவிலேயே வாய் மடங்கிவிடும். தோய்ச்சல் கூடிப்போயிருந்தால் அரம் கடிக்காமல் வழுக்கும். அது மடங்காது, சில்லுச் சில்லாகத் தெறிக்கும். இதையெல்லாம் அவர் யாரையும் உட்காரவைத்துச் சொன்னவர் அல்ல. வேலை செய்யும்போது தனக்குத் தானே முணுமுணுத்துக்கொள்வார். நான் பக்கத்தில் இருந்ததால் காதில் விழுந்தது.

காம்பு உசிலங்கட்டை. முழங்கையிலிருந்து விரல் நுனிவரை நீளம். மரத்தின் ரேகை குறுக்கே ஓடாமல் நெடுகப் போக வேண்டும். சாயம் பூசிய காம்பை வாங்கவே கூடாது, ரேகையை மறைக்கத்தான் சாயம் என்பார். கோடாலியை மண்ணில் கொத்தக் கூடாது, வெயிலில் போடக் கூடாது, அடுப்பு மேட்டில் வைக்கக் கூடாது. பழைய டயரை அறுத்து வாய்க்கு ஓர் உறை தைத்திருந்தார். காம்புக்கு வாராவாரம் இலுப்பெண்ணெய். எனக்கு அந்த யோகம் தீபாவளிக்கு மட்டும்தான். ஆத்தாவுக்கு இது பெரிய வேடிக்கை. "அடுத்த சென்மத்துல ஒங்கப்பனுக்குக் கோடாலியாப் பொறக்கணும்டி," என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பாள்.

நான் சொல்ல வந்த பங்குனியில் என்னைப் பெற்ற அந்த ஆத்தா நிறைமாதம். எனக்கு எட்டோ ஒன்பதோ வயது. எனக்கும் அந்த வயிற்றுக்கும் நடுவில் இரண்டு தம்பிகள் பிறந்து செத்திருந்தார்கள். முதல் பிள்ளை வாரம் தாண்டவில்லை என்று கேள்வி. இரண்டாவது பிள்ளையை எனக்கு நினைவிருக்கிறது. மாதம் முடிய இன்னும் சில நாள் இருக்கும்போது போய்விட்டான். அப்பா அவனை ஒரு துண்டில் சுற்றிக் கண்மாய்க் கரைப் பக்கம் தூக்கிப் போனார். அதே துண்டைத் துவைத்துத் தோளில் போட்டுக்கொண்டு மறுநாள் வேலைக்கும் போனார். எனக்கு அழுகை வரவில்லை. எல்லோரும் அழுததால் நானும் கொஞ்சம் அழுது வைத்தேன்.

அப்பாவின் அக்கா எங்கள் வீட்டோடு இருந்தாள். புருஷன் போன பிறகு வந்தவள். வீட்டில் அத்தை சொல்வதுதான் சட்டம். பிள்ளை பெற்றவளின் தலைமாட்டில் முப்பது நாள் தீட்டுக் கழிகிறவரை இரும்பு வைப்பது உங்கள் வீடுகளிலும் இருந்திருக்கும். காத்து கருப்பு அண்டாது என்று நம்பிக்கை. முந்தைய இரண்டு பிரசவத்துக்கும் எங்கள் வீட்டில் பழைய கதிர் அரிவாளை வைத்திருந்தார்கள். இந்தத் தடவை அத்தை வேறு மாதிரி யோசித்தாள்.

"அந்தத் துருப்புடிச்ச அருவாளுக்கு எது பயப்படும்? அது கதுரையே அறுக்க மாட்டேங்குது," என்றாள் அப்பாவிடம். "தெனம் வேல செய்யிற இரும்பா இருக்கணும். ஒன் கோடாலிய வையி."

"வேலைக்கு என்னக்கா பண்றது?"

"வேலைக்கு வேற கோடாலி கெடைக்கும். பய கெடைப்பானா?"

 யாரும் அப்பாவைக் கட்டாயப்படுத்தியதாக நான் சொல்ல மாட்டேன். வலி கண்ட அன்று அவரே கோடாலியைத் துடைத்து, உறையைக் கழற்றி, கயிற்றுக் கட்டிலுக்கு அடியில் தலைமாட்டுப் பக்கம் வைத்துவிட்டு வெளியே வந்தார். வைத்த இரும்பை முப்பது முடிகிற வரை அசைக்கக் கூடாது. எடுத்து மறுபடி வைத்தால் பலிக்காது. தம்பி பிறந்து வீறிட்டு அழுதபோது அப்பா வாசலில் நின்று துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கு அந்தத் துண்டைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் கண்மாய்க்குள் நின்ற கருவேல மரங்களை அந்த வருடம் ஏலம் விட்டு, ஒரு விறகுக் கடைக்காரர் எடுத்திருந்தார். கண்மாய் வறண்டு கிடக்கும்போதே வெட்டி அள்ளிவிட வேண்டும், மழை விழுந்தால் வண்டி இறங்காது. பெரிய கோடாலிக்காரர்கள் மரத்தைச் சாய்ப்பார்கள். சாய்ந்த மரத்தில் முள்ளும் கிளையும் கழிப்பது கைக்கோடாலிக்காரர்கள் வேலை. அதில் அப்பாதான் முதல் ஆள். பிள்ளை பிறந்த மறுநாளே வேலை தொடங்குவதாக இருந்தது. ஊரில் எல்லா ஆம்பிளைகளும் கண்மாய்க்குள் இறங்குவதால் இரவல் கேட்க வழியில்லை. அன்னவாசல் கொல்லர் புதிதாக அடித்துக் கொடுக்க ஒரு வாரமாவது ஆகும். அதனால் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு கீரனூர்ச் சந்தைக்குப் போனார்.

சந்தையில் இரும்புச் சாமான் விற்கிறவர் ஒருவர்தான் இருந்தார். சாக்கை விரித்து மண்வெட்டி, களைக்கொட்டு, கைக்கோடாலி எல்லாம் பரப்பியிருந்தார். கோடாலிகள் எல்லாம் ஒரே அச்சு, ஒரே மினுமினுப்பு. காம்புக்குப் பச்சைச் சாயம்.

"வாங்கண்ணே, கையில எடுத்துப் பாருங்க. முறுக்கான இரும்பு. கல்லுல போட்டாலும் வாய் மடங்காது," என்றார்.

அப்பா இடுப்பில் செருகியிருந்த அரத்தை உருவி ஒன்றின் வாயில் வைத்து இழுத்தார். கீச்சென்று பல் கூசுகிற சத்தம். அரம் கண்ணாடி மேல் போவதுபோல் வழுக்கிக்கொண்டு போயிற்று. இன்னொன்றை எடுத்தார். அதுவும் அப்படித்தான். சாக்கில் இருந்தவை எல்லாவற்றையும் இழுத்துப் பார்த்துவிட்டு அரத்தை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"மடங்காதுதான். ஒடையும்," என்றார்.

"எம்புட்டு நாளைக்குண்ணே வேணும்?"

"ஒரு மாசம் ஓட்டணும்."

"ஒரு மாசத்துக்கு இது தாங்காதா? அதுக்குள்ள நாம ஒடையாம இருந்தாச் சரி."

அப்பா சிரித்தார். அரிதாகச் சிரிக்கிறவர். பையன் பிறந்த சந்தோஷம் அன்று அவர் உடம்பெல்லாம் இருந்தது. எதற்கும் சிரிக்கத் தயாராக இருந்தார். இருப்பதில் ஒன்றை எடுத்துக்கொண்டு, எனக்குப் பொரி உருண்டையும் வாங்கிக் கொடுத்தார். வழியெல்லாம் அந்தக் கோடாலியை வெறுமனே வீசி வீசிப் பார்த்துக்கொண்டே வந்தார். பட்டறைக்குக் கொண்டுபோய் நெருப்பில் காட்டித் தோய்ச்சலைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டால் ஆகும் என்றார். மறுநாள் வேலை. அதற்கு மறுநாளும் வேலை. பட்டறைக்கு அவர் போகவே இல்லை.

நல்ல கோடாலி உள்ளே படுத்திருந்தது. பழைய சேலையைத் திரையாகக் கட்டிய மூலை அது. வேப்பிலை, பூண்டு, சாம்பிராணி, பால் புளித்த துணி, இத்தனை வாடைக்கும் கீழே இலுப்பெண்ணெய் வாடை. ஆண்கள் திரையைத் தாண்டக் கூடாது. சாயங்காலம் அப்பா வந்து திரைக்கு வெளியே நின்று என்னைக் கூப்பிட்டு விசாரிப்பார்.

"பால் குடிச்சானா?"

"குடிச்சான்."

"வயிறு உப்பலா இருக்கா?"

"இல்ல."

"காம்பு காயாம இருக்கா?"

நான் குப்புறப் படுத்து, கட்டிலுக்கு அடியில் கையை விட்டு, கோடாலி அசையாமல் காம்பில் எண்ணெய் தடவுவேன். மேலே கயிற்றுப் பின்னல் வழியே தம்பியின் உடம்பு ஒரு சின்ன மூட்டையாகத் தொங்கும். மூச்சு விடுகிறானா என்று அங்கிருந்தே பார்ப்பேன். வீட்டில் எல்லோரும் நாள் முழுவதும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அத்தை அவன் மூக்குக்கு நேரே விரலை நீட்டி வைத்துக்கொண்டே வெற்றிலை போடுவாள்.

சந்தைக் கோடாலி சில நாளிலேயே குணத்தைக் காட்டிவிட்டது. ஒரு சாயங்காலம் அப்பா கொண்டுவந்தபோது வாயில் எள் அளவு பொக்கை. காம்பும் ஆட ஆரம்பித்திருந்தது. அவர் யாரிடமோ சொன்னது திரைக்குள் கேட்டுவிட்டது. ஆத்தா என்னைப் பக்கத்தில் அழைத்தாள்.

"ஒங்கப்பன இத எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லு. நான் முழிச்சுப் பாத்துக்கிறேன் எம்புள்ளய."

நான் போய்ச் சொன்னேன். அப்பா திரையைப் பார்த்தார். "காலையில பாப்போம்," என்றார். எடுத்துக்கொள்வார் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆனால் அன்று விளக்கு வைக்கிற நேரத்துக்கே தம்பி வயிறு உப்பி, பால் குடிக்காமல் உடம்பை முறுக்க ஆரம்பித்துவிட்டான். அத்தை அவன் வயிற்றில் விளக்கெண்ணெய் தடவினாள். "எடுக்கச் சொன்னீல்ல? இப்பப் பாரு," என்று ஆத்தாவை ஒரு வார்த்தை சொன்னாள். ஒரே ஒரு வார்த்தைதான். காலையில் தம்பிக்குச் சரியாகிவிட்டது, பால் குடித்தான். ஆத்தா அதற்குப் பிறகு கோடாலியைப் பற்றிப் பேசவில்லை. அப்பா பச்சைக் காம்புக் கோடாலியையே எடுத்துக்கொண்டு போனார்.

மத்தியானம் கஞ்சி கொண்டுபோவது நான். கண்மாய்க்குள் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். சாய்ந்த மரங்களின் பச்சை வாடை, மிதிபட்ட கருவேல நெற்று, அதைத் தின்ன வந்த ஆடுகள். அடிமரத்தில் கசிந்த பிசினைச் சுரண்டி வாயில் போட்டுக்கொண்டே போவேன். எல்லாக் கோடாலிகளும் ஒவ்வொரு தாளத்தில் விழும். அப்பாவுடையது மட்டும் கொஞ்சம் கிண்ணென்று கேட்கும், பாத்திரத்தைத் தட்டுவது போல. கஞ்சி குடிக்கிற நேரத்துக்குக் கோடாலியைத் தலைகீழாகத் தண்ணீர்ப் பானையில் முக்கி வைப்பார். காம்பு ஊறி, அது செருகியிருக்கிற இரும்பின் கண்ணுக்குள் இறுகிக்கொள்ளும். வெயிலில் காய்ந்ததும் மறுபடி ஆடும். ஒப்பேற்றுகிற வேலை என்று அவருக்குத் தெரியும். தன்னுடைய கோடாலியாக இருந்தால் செய்திருக்க மாட்டார்.

அதனால் அங்கே எல்லோருக்கும் ஒரே பயம், இரும்பு கழன்று பறந்துவிடுமோ என்பதுதான். அவருக்கு முன்னும் பின்னும் யாரும் நிற்க மாட்டார்கள். அப்பா என்னைத் தோளைப் பிடித்து நகர்த்திப் பக்கவாட்டில் ஒரு அடிமரத்தில் உட்காரவைப்பார்.

"இங்கிட்டு ஒக்காரு. கழண்டா அங்கிட்டுத்தான் போகும். இந்தப் பக்கம் ஒண்ணும் வராது."

அன்றும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். அவர் காய்ந்துபோன ஒரு முண்டுக் கணுவை வெட்டிக்கொண்டிருந்தார். வழக்கமான கிண்ணென்ற சத்தத்தோடு இன்னொரு சின்னச் சத்தமும் கேட்டது. என் இடது கண்ணில் மணல் விழுந்ததுபோல் இருந்தது. பெரிய வலி ஒன்றும் இல்லை. கையால் மூடிக்கொண்டேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை. கோடாலியின் வாயை விரலால் தடவிக்கொண்டிருந்தார். புதிதாக ஒரு பொக்கை விழுந்திருந்தது.

"ஒரு சில்லு தெறிச்சிருச்சு. எங்க விழுந்துச்சுன்னு பாரு தாயி, யாரு காலுலயாவது குத்திரும்."

நான் அடிமரத்திலிருந்து இறங்கித் தேடினேன். இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு வலது கண்ணால் வெடிப்புகளுக்குள் எல்லாம் பார்த்தேன். அவரும் குனிந்து சருகைக் கிளறிக் கிளறித் தேடினார். இரண்டு பேரும் நெடுநேரம் தேடினோம். கிடைக்கவில்லை. "போகட்டும்," என்றார். நான் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அந்த இடத்தை எத்தனையோ தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன். கோபம் வர வேண்டும் இல்லையா? வரவில்லை. இரண்டு பேர் குனிந்து மண்ணைக் கிளறுவது மட்டும்தான் தெரிகிறது. மூன்றாவது ஆள் தூரத்தில் நின்று பார்ப்பதுபோலத்தான் அதைப் பார்க்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை என் கண்ணை விரித்துப் பார்த்தாள். "கருவேல முள்ளு அடிச்சிருக்கு," என்றாள். கண்ணில் எது பட்டாலும் தாய்ப்பால்தான் மருந்து, அதுவும் பிள்ளை பெற்றவள் வீட்டிலேயே இருக்கும்போது வேறென்ன வேண்டும்? திரைக்குள் போய்க் கட்டில் விளிம்பில் தலையை வைத்துக்கொண்டேன். ஆத்தா குனிந்து பாலைக் கண்ணில் பீச்சினாள். வெதுவெதுப்பாக இருந்தது. அவள் முகம் மிக அருகில் இருந்தது. தம்பி பிறந்த பிறகு அவ்வளவு அருகில் நான் அவளைப் பார்க்கவில்லை. சீக்கிரம் சரியாகிவிடக் கூடாது என்றுகூட நினைத்தேன்.

சரியாகவும் இல்லை. கண் சிவந்தது, வீங்கியது, சீழ் வைத்தது. நந்தியாவட்டைப் பூவை வைத்துக் கட்டினார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாமா என்று அப்பா கேட்டார். அத்தை ஒப்புக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த காலோடு பச்சைப் பிள்ளை இருக்கிற வீட்டுக்குள் வரக் கூடாது, அங்கே என்னென்னவோ தொற்றிக்கொண்டு வரும், முப்பது முடியட்டும் என்றாள். முன்பு இரண்டாவது தம்பி போனதும் இதே கடைசி நாட்களில்தான். அந்த நினைப்பு அப்பாவுக்கும் இருந்திருக்கும். "இன்னும் கொஞ்ச நாள்தான் தாயி," என்று என்னிடம் சொன்னார். நான் தலையாட்டினேன்.

கடைசியில் தாங்க முடியாமல் நான் சுவரில் தலையை முட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு, ஒருநாள் விடியக்காலையில் அத்தையைக் கேட்காமலே என்னைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார். புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் டாக்டர் விளக்கு அடித்துப் பார்த்தார்.

"எத்தன நாளாச்சு?"

அப்பா கொஞ்சம் குறைத்தே சொன்னார்.

"இரும்பு உள்ள போயிருக்குய்யா. அன்னைக்கே கூட்டிட்டு வந்திருந்தாலாவது ஏதாவது பண்ணிப் பாத்திருக்கலாம்."

"முள்ளு இல்லீங்களா?" என்று கேட்டார் அப்பா.

"முள்ளு இல்ல. இரும்புத் துணுக்கு."

"கருவேல முள்ளா இருக்குமுங்க. நல்லாப் பாருங்க ஐயா."

டாக்டர் அவரைப் பார்த்தார். பிறகு என் தலையில் கை வைத்தார். பார்வை வராது, மற்ற கண்ணையாவது காப்பாற்ற வேண்டும் என்றார். அங்கேயே தங்கவைத்து இடது கண்ணுக்குச் செய்ய வேண்டியதைச் செய்து கட்டுப் போட்டு அனுப்பினார்கள். திரும்பி வருகிற பஸ்ஸில் அப்பா என் வலது பக்கம் உட்கார்ந்தார். அவர் மடியில் கையை வைத்திருந்தேன். நார்த்தாமலைப் பாறைகள் ஜன்னலில் வந்து போயின.  பசிக்கிறதா என்றுகூட அவர் கேட்கவில்லை. எனக்குப் பசித்தது.

வீட்டுக்குள் விடவில்லை. பக்கத்து வீட்டுச் சித்தியிடம் என்னை ஒப்படைத்தார்கள். ஆத்தாவிடம், கண்ணில் கட்டுப் போட்டிருக்கிறது, நாளாவட்டத்தில் சரியாகிவிடும் என்று சொல்லியிருந்தார்கள். உண்மையைச் சொன்னால் பால் வற்றிவிடும் என்று அத்தைக்குப் பயம். சித்தி வீட்டுச் சுவரில் காதை வைத்தால் தம்பி அழுவது கேட்கும். அவன் நன்றாக அழுதான், தொண்டை திறந்து அழுதான். அது கேட்கும்போது நிம்மதியாக இருக்கும். பிழைத்துவிட்டான், இனிமேல் போக மாட்டான் என்று நானும் எண்ணிக்கொள்வேன்.

முப்பது முடிந்தது. வீட்டை மெழுகி, திரையை அவிழ்த்து, ஆத்தாவுக்குத் தலைக்கு ஊற்றிக் கூடத்தில் உட்காரவைத்தார்கள். தம்பி கொழுகொழுவென்று அவள் மடியில் கிடந்தான். கோடாலியை எடுத்து மஞ்சள் தண்ணீர் தெளித்து அப்பா வெளியே கொண்டுபோனார். காம்பில் ஒரு விரிசல் இல்லை, வாயில் துருவில்லை. உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள். பாயசம் வெந்துகொண்டிருந்தது. என்னையும் குளிப்பாட்டி, புதுப் பாவாடை கட்டி, அப்போதுதான் உள்ளே அழைத்துவந்தார்கள்.

வந்திருந்த ஒரு கிழவி என் கண்ணில் இருந்த கட்டைப் பார்த்துவிட்டு, "ஐயையோ, கண்ணுல என்ன இது?" என்றாள்.

 அத்தைதான் பேசினாள். அவள் குரலில் வருத்தம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வருத்தத்தைவிட ஆறுதல் கூடுதலாக இருந்தது.

"இது பயலுக்கு வந்த கண்டந்தான். இரும்பு வச்சிருந்ததால அவங்கிட்ட அண்ட முடியல. இவ கண்ண எடுத்துக்கிட்டுப் போயிருச்சு. அத்தோட கழிஞ்சுது."

எல்லோரும் தலையசைத்தார்கள். ஒருத்தி கைகூப்பி மேலே பார்த்தாள். "பெரிய கண்டம். பொம்பளப் புள்ள தாங்கிக்கிருச்சு," என்றாள் இன்னொருத்தி. எத்தனையோ ஜோடிக் கண்கள் என்னை அன்பாகப் பார்த்தன. உங்களிடம் சொல்வதற்கென்ன, எனக்கு அப்போது பெருமையாகத்தான் இருந்தது. தம்பியை நான்தான் காப்பாற்றினேன் என்று நினைத்தேன்.

"அப்படித்தானப்பா?" என்று ஒரு பெரியவர் வாசலில் நின்ற அப்பாவைக் கேட்டார்.

அப்பா என்னைப் பார்த்தார். சந்தைக்கு அவரோடு போனவள் நான் ஒருத்திதான். பிறகு பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

"ஆமா," என்றார்.

ஆத்தா அதுவரை யாரையும் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "இங்க வா," என்றாள். போனேன். கண்ணில் இருந்த கட்டை மெல்லத் தூக்கினாள். தன் உள்ளங்கையால் என் வலது கண்ணை மூடினாள்.

"நான் தெரியிறனா?"

"இல்ல ஆத்தா."

கையை எடுத்தாள். தம்பியைத் தூக்கி அத்தையின் கையில் கொடுத்தாள். என்னை இழுத்துத் தன் மடியில் உட்காரவைத்துக்கொண்டாள். நான் அந்த மடிக்கு மிஞ்சி வளர்ந்திருந்தேன், கால் இரண்டும் தரையில் கிடந்தன. அவள் எலும்பு என்னைக் குத்தியது. எழுந்திருக்க எனக்கு மனசில்லை. தம்பி வீறிட்டு அழ ஆரம்பித்தான். அத்தை தோளில் போட்டுத் தட்டினாள், ஆட்டினாள். அவன் அடங்கவில்லை.

"பசிக்குதுடி அவனுக்கு. அவள எறக்கி விட்டுட்டுப் புள்ளைய வாங்கு," என்றாள் அத்தை.

"அழுகட்டும் அண்ணி," என்றாள் ஆத்தா.

அவள் அத்தையை எதிர்த்துப் பேசி நான் கேட்டதில்லை. அங்கிருந்த யாருமே கேட்டதில்லை. அத்தை பிள்ளையை நீட்டியபடி நின்றாள். அப்பா வாசலிலிருந்து ஓர் அடி உள்ளே வந்து அங்கேயே நின்றுவிட்டார். தம்பி அழுது அழுது முகம் சிவந்து, குரல் கம்மி, அத்தையின் தோளிலேயே தூங்கிப்போனான். அதுவரை ஆத்தா என்னைச் சுற்றியிருந்த கையை எடுக்கவில்லை.